தடை நீடிக்க வேண்டும்

குளியலறைத் தரைக்கு வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவேன். எனக்கு லாபம் அதில்தான் அதிகம். ஆனாலும் வீட்டில் வயதானவர்கள் இருப்பார்கள், வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? என் கடையில் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் போதைப் பவுடர் வந்தது உண்மைதான். அதைத் தெருத்தெருவாகப் பிரித்து விற்றவன் நெட்டை. உங்கள் போலீஸிடம் பிடிபட்டதும் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான் என்கிறீர்கள். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகுட்டிக்காரன்.

போதை ஒழிப்புக் குழுவுக்குத் தலைவனாக இருந்துகொண்டே இதையும் செய்தாயா என்று கேட்டீர்கள். இரண்டும் ஒரே வேலைதான் சார். மருந்துக்கடையில் கிடைக்கிற பொருளை என்னிடம் எவன் வந்து வாங்குவான்? சட்டம் கடுமையாக இருக்கும்வரைதான் அது எங்கள் கையில் இருக்கும். சின்ன ஆட்கள் உள்ளே போவார்கள், போட்டி குறையும், விலை தானாக ஏறும். அதனால் எல்லா ஊர்வலத்திலும் முன்வரிசையில் நடந்தேன். தண்டனையைக் கூட்டச் சொல்லி நான் பேசியபோது நீங்களே கைதட்டியிருக்கிறீர்கள்.

டாக்டரம்மா வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பழைய தபால் அலுவலகக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, அரசாங்க அனுமதியோடு ஒரு க்ளினிக் திறந்தார். பவுடருக்கு அடிமையானவர்கள் தினமும் காலையில் போய், நர்ஸ் கண்ணெதிரே ஒரு சிரப்பைக் குடிக்க வேண்டும். அதைக் குடித்தால் உடம்பு பவுடரைத் தேடாது. கொஞ்ச நாளில் அங்கே வரிசை தெருமுனை வரை வந்துவிட்டது. நெட்டை ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

என் மச்சானும் அந்த வரிசையில் நின்றான். மனைவியின் தம்பி, எங்கள் வீட்டில் வளர்ந்தவன். அவனுக்கு அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று நான் விசாரித்ததில்லை.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அத்தான், பாருங்க. நடுங்கவே இல்லை. லேத் பட்டறையில திரும்ப வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

என் மனைவி அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மாவை நேரில் பார்த்து மரியாதையாகவே சொன்னேன். "போதைக்குப் போதையே மருந்தா? நம்ம பிள்ளைங்க கெட்டுப் போயிடுவாங்கம்மா."

"கெட்டுப் போனவங்கதாங்க இங்க வர்றாங்க" என்றார். "இதுல விக்கிறவனுக்குத்தான் நஷ்டம். உங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதே மாதிரி ஊர் ஊராகத் திறக்கச் சட்டம் வரப்போகிறது என்று வேறு பேசிக்கொண்டார்கள். என்னை நம்பி எத்தனை குடும்பம் இருந்தது, யோசித்துப் பாருங்கள்.

பல மடங்கு வீரியமான சரக்கு ஒன்றை வரவழைத்தேன். க்ளினிக்குக்கு வருகிறவர்களுக்கு அதைச் சும்மா கொடுக்கச் சொன்னேன். சிரப்போடு சேர்ந்தால் உடம்பு தாங்காது. பழி சிரப்பின்மேல்தான் விழும்.

நெட்டை தயங்கினான். "அண்ணே, உங்க மச்சானும் அங்கதான் நிக்கிறாரு. அவரை மட்டும் விட்டுடவா?"

நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் போய் என் வீட்டுப் பிள்ளை மட்டும் மிஞ்சினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அது அவனுக்கும் நல்லதில்லை.

"ஆள் பார்த்துக் குடுக்காதே. எல்லாருக்கும் குடு" என்றேன்.

வாங்குவதும் வாங்காததும் அவரவர் இஷ்டம். அவன் மனதில் உறுதி இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பான்.

அந்த வாரம் ஏழு பேர் செத்தார்கள். அவனைப் பட்டறைக் கழிவறையில் கண்டெடுத்தார்கள். க்ளினிக் கண்ணாடிகளை ஜனங்கள் உடைத்தார்கள், டாக்டரம்மாவை நீங்கள் கைது செய்தீர்கள், சட்டம் கிடப்பில் போனது. அவன் உடலைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அதற்குப் பிறகு என் மனைவி சரியாகப் பேசுவதே இல்லை. "இதை வித்தவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்று மட்டும் அவ்வப்போது சொல்லுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை நான் சும்மா விட மாட்டேன்மா" என்பேன். அது நடிப்பில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.