கருவாட்டுப் பொட்டலம்

மஸ்கட், ரூவியில் ஷேர் டாக்சி. டிரைவர் ஆள் சேர்த்துக்கொண்டு வெளியே நின்றார். எனக்கு முன்சீட்டில் கடைக்கார பாய் ஒருவர் மூக்கைப் பொத்தினார். என் பக்கத்தில் கட்டட சைட் சட்டை போட்டவர். அவர் மடியில் பொட்டலம்.

"கருவாடா தம்பி? டிக்கியில போடப்பா."

"இதாலதான் பாய் மூணு வெள்ளைக்காரன் உயிரோட இருக்கான்."

"எங்க?"

"அண்டார்டிகாவுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு தீவு. ஒத்த ஆளு துடுப்பு போடுற கயாக்குல அதைச் சுத்துனானுங்க. சோறு, மருந்து எல்லாம் ஏத்திக்கிட்டு எங்க பாய்மரக் கப்பல் கூடவே போவும். நான் குக்கு."

"கருவாடு போட்டியாக்கும்?"

"நாறுதுன்னு கேப்டன் விடல. ஒருநாள் மூடுபனி. மூணு பேரையும் காணோம். ஹாரன் அடிச்சா பாறையில பட்டு நாலு பக்கமும் கேக்குது. எந்தப் பக்கம்னு வருவான்? காத்து எங்ககிட்டேருந்து தீவுப் பக்கம் அடிச்சுது. அடுப்பை மேல்தளத்துக்குத் தூக்கியாந்து எனக்குன்னு வச்சிருந்த கருவாட்டையெல்லாம் வறுத்தேன்."

"வந்துட்டானுங்களா?"

"வாசம் வந்த பக்கமே துடுப்புப் போட்டு வந்தானுங்க. வந்ததும் அதையே கேட்டுத் தின்னானுங்க. கேப்டனும்தான்."

பாய் சிரித்தார். "திரும்பக் கூப்பிட்டா போவியா?"

"இப்பவே போவேன் பாய். அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. இங்க கம்பெனியில நம்பர்தான்."

பாய் அவர் பக்கம் திரும்பினார். "உம் பேரு என்ன?" என்றார்.

"முருகேசன்."

டிரைவர் ஏறினார். மோந்து பார்த்தார். என்ன நாற்றம் என்று இந்தியில் கத்தினார்.

"குச் நஹி, யல்லா" என்றார் பாய், ஒன்றுமில்லை, வண்டியை எடு என்று.

"முருகேசா, அதை இங்க கொடு" என்று பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.