கை கழுவிடுடி

கை கழுவுற விஷயத்துல நான் ரொம்பக் கறார், சார். எலும்பு வார்டுக்கு நான்தான் தலைமை நர்ஸ். பெரிய டாக்டரையே வாசல்ல நிறுத்தி, "முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பியிருக்கேன். முதுகுக்குப் பின்னாடி எனக்கு 'சோப்பு சிஸ்டர்'னு பேரு.

என் தங்கச்சிகிட்டயும் அதையேதான் சொல்வேன், வேற அர்த்தத்துல. "அவனைக் கை கழுவிடுடி." கேட்க மாட்டா. சட்டையில மடிப்பு சரியா விழலைன்னு அவ புருஷன் சூடான இஸ்திரிப் பெட்டியை அவ முழங்கையில வெச்சு அழுத்தினான். தோல் பெட்டியோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. புண்ணு சீழ் வெச்சுது. சாதாரணக் கிருமிதான், மாத்திரைக்குக் கட்டுப்பட்டுச்சு.

மறுவாரமே அவன் குடிச்சிட்டு வண்டியில போய் விழுந்தான். தொடை உடைஞ்சு என் வார்டுக்கே வந்து சேர்ந்தான். பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவர். அவர் புண்ணுல இருந்த கிருமி ஒரு என்சைம் சுரக்கும், சார். எந்த மருந்து குடுத்தாலும் அந்த என்சைம் அதை வெட்டிப் போட்டுடும். அவருக்குக் கட்டு மாத்தினேன். அதே கையோட இவன் கட்டைப் பிரிச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

கால் அழுகிச்சு. வெட்டி எடுத்தாங்க. அப்பவும் நிக்கல, ரத்தத்துல கலந்துடுச்சு. ராப்பகலா கத்தினான். கடைசியில சத்தம் வரலை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடிச்சு. தலையணையைச் சரி பண்ணிவிட்டேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

தங்கச்சியை அவன் கட்டில் கிட்ட வராதேன்னு சொல்லியிருந்தேன். ஏன்னு கேட்டா. என்னத்தைச் சொல்றது? நான் வேலை முடிஞ்சு போனதும் அவ வந்து, சீழ்ல ஊறின கட்டையெல்லாம் தானே பிரிச்சுப் புண்ணைத் துடைச்சிருக்கா. "என் புருஷனை நான் பாக்காம வேற யாரு பாப்பாங்கக்கா?"ன்னா.

அந்தக் கிருமிக்கு ஒரு குணம் உண்டு. தன் வித்தையைப் பக்கத்துல இருக்கிற வேற கிருமிக்கும் குடுத்துடும். இவ முழங்கையில இன்னும் ஆறாத புண்ணுல மிச்சமிருந்த சாதாரணக் கிருமி அதைக் கத்துக்கிச்சு. அதே மாத்திரை, அதுக்கு மேல ஊசி, எதுவும் கேட்கல. தோள் வரைக்கும் கறுத்துச்சு. டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்க. என் மடியிலதான் உயிர் போச்சு.

அவனைக் கொன்னது நான்தான், எழுதிக்குங்க. ஆனா தங்கச்சி சாவை என் தலையில கட்டாதீங்க, சார். அந்தப் புண்ணு அவன் வெச்சதுதானே?