தீவுகளுக்குப் பூசிய சிவப்பு

அலுவலகக் கூட்டம் என்றால் என் சாப்பாட்டை நான் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுவேன். மற்றவர்கள் வருவதே சோற்றுக்கும் மரவள்ளி இலைக் குழம்புக்கும்தான். தட்டில் தலையைக் கவிழ்த்துவிட்டால், எதற்குக் கை தூக்குகிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. நான் அவர்களை வேடிக்கை பார்த்தபடி நிதானமாக என் மீன் துண்டைத் தின்பேன்.

எங்கள் தலைநகர் ஃப்ரீடவுனில், ஒரு பணக்கார நாட்டின் உதவி அலுவலகத்தில் எனக்குப் பதினான்கு வருட வேலை. எங்கள் அரசின் கஜானாவுக்கு அவர்கள் நேராகப் பணம் தருவார்கள். தருவதற்கு முன், எதெது நடக்காமல் போகும் என்று அட்டவணை போட்டுக் கட்டங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை பூசுபவன் நான். சிவப்புக்குப் பக்கத்தில் ஏதாவது பரிகாரம் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் தலைமையகம் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருவராக வந்திறங்கிய அலுவலகத் தலைவர்கள் எல்லோரும் அதில் 'கலந்துரையாடல்' என்று எழுதி, கட்டத்தை மஞ்சளாக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். நான் சொன்னது நடந்த பிறகும் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் வருடம் தவறாமல் சிவப்பு பூசிய கட்டம் ஒன்று உண்டு. தெற்குத் தீவுகளுக்கு மலேரியா மருந்து பெருமழைக்கு முன் போய்ச் சேராது என்பதுதான் அது. ஜூலை பிறந்தால் கடல் படகை விடாது, அப்புறம் அக்டோபர்தான். ஒரு வருடம்கூட மருந்து நேரத்துக்குப் போனதில்லை.

போன வருடம் நிதி அமைச்சகத்துக்குக் கும்பா லெபி என்று ஓர் இயக்குநர் வந்தாள். கோனோ பக்கத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். கூட்டத்தில் சோற்றைத் தொடாத இன்னொரு ஆள் அவள்தான். மருந்து விற்கும் வியாபாரியின் கிடங்கில் சரக்கைக் கட்டித் தயாராக வைத்துவிட்டாள். படகுக்காரர்களிடமும் பேசி முடித்துவிட்டாள். எங்கள் பணம் கஜானாவில் விழுந்தால் மறுநாள் படகு கிளம்பும்.

"மெட்ஸ்கர் அங்கிள், இந்த வருஷம் மருந்து போயிடும். அந்தச் செவப்ப அழிச்சிடுங்க. பழக்கதோஷத்துல பூசிட்டீங்க போல," என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வாயில் சோற்றை வைத்திருந்தவன்கூடச் சிரித்தான். தலைவர் அங்கேயே கட்டத்தைப் பச்சையாக்கினார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வேலையை உருப்படியாகச் செய்துவிட்டு, நாடே திருந்திவிட்டதாக நினைக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சலிப்புதான் வரும்.

பணம் விடுவிக்கத் தணிக்கை அலுவலகத்தின் கடிதம் வேண்டும். நகல் செல்லாது, மூலம்தான். அந்த விதியை எழுதியவன் நான். தொலைந்தால் இன்னொன்று வாங்க ஒரு மாதம் ஆகும். அதுவும் ஒரு முன்னெச்சரிக்கையாக நான் சொன்னதுதான். ஜூன் ஒன்பதாம் தேதி கும்பா அதைத் தன் கையாலேயே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். ரசீது கேட்கவில்லை. என்னிடம் யாரும் கேட்பதில்லை.

அதை இழுப்பறையில் வைத்தேன். பத்து நாள் கழித்து வந்து நின்றாள்.

"உங்க கையிலதானே குடுத்தேன், அங்கிள்?"

"எங்கிட்ட எதுவும் வரலம்மா. நல்லா யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். தன் கைப்பையை என் மேசைமேலேயே கொட்டித் தேடினாள். சாவி, சீப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடப் படம். கடைசியில் தன்மேலேயே சந்தேகப்பட்டு என்னிடம் மன்னிப்பு கேட்டுவிட்டுப் போனாள். இவ்வளவு சுலபமாகத் தன்னைச் சந்தேகப்படுகிறவளை எந்த அமைச்சகமும் பொறுப்பில் வைக்கக் கூடாது. வைக்கவும் இல்லை, ஆகஸ்டில் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

கடல் மூடியது. மருந்து கிடங்கிலேயே இருந்தது. மழை விடுவதற்குள் தீவுகளில் முப்பத்தெட்டுக் குழந்தைகள் போய்விட்டதாகச் சுகாதார ஊழியர் எழுதினார். எண்ணத் தெரிந்த ஊர்களில் மட்டும் அவ்வளவு.

கட்டம் மறுபடி சிவப்பானது. தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. இத்தனை வருடமாக ஒருவர் எச்சரித்தும் யாரும் கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டிருந்தார்கள். என் அட்டவணையை மற்ற நாடுகளில் பாடமாக வைக்கப்போகிறார்களாம். தலைவர் என் கையைக் குலுக்கினார். முதல் தடவையாக என் பெயரைச் சரியாக உச்சரித்தார்.

இப்போது, கடிதம் தொலைந்ததை விசாரிக்க வந்த நீங்கள் எழுதிய அறிக்கை வரைவைப் படித்தேன், மேடம். என் மேசையில் கவனக்குறைவால் கடிதம் தொலைந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கடிதம் இதோ இருக்கிறது, ஒரு மடிப்புக்கூட இல்லாமல். ஜூலை பிறக்கும்வரை தினமும் காலையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். தெரிந்துதான் வைத்திருந்தேன். கடல் மூடினால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்காக இங்கே உண்மையாகக் கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான். வேறு எவன் சிவப்பு பூசினான்?