விருந்தாளிகள் உறைந்த மதியம்

உங்கள் அறையில் ஏசி சரியில்லை, ஐயா. எங்கள் மருத்துவமனையின் சர்வர் அறைக்கு ஒரு நடை வந்து பாருங்கள், போர்வை கேட்பீர்கள். பாதி ஆயுளை அந்தக் குளிரில் கழித்தவன் நான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

என் மச்சினனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவனுடைய கவனக்குறைவால் ஒரு நோயாளி இறந்துபோனார் என்கிறீர்கள். அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் சர்வரைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய இயந்திரம் ஒன்று. அதை ஹோஸ்ட் என்போம். அதற்குள் பல கணினிகள், தங்களுக்கென்று உடம்பே இல்லாமல், இரண்டு டிஸ்கைப் பங்குபோட்டுக்கொண்டு ஓடும். அவை கெஸ்ட். விருந்தாளி என்று பெயர்தான், ஒன்றும் கிளம்பாது. ஒன்று கேன்டீன் பில் போடும். ஒன்று கேமராக்கள் பிடிப்பதைப் பதிவு செய்யும். ஒன்று, நோயாளியின் இதயம் தடுமாறினால் நர்ஸ் மேஜையில் அலாரம் அடிக்கும்.

இதுகளை மேய்த்துக்கொண்டிருந்தது நான். மச்சினனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். "தம்பிய உங்க பக்கத்துலயே வச்சுக்கோங்க" என்றாள் மனைவி, வைத்துக்கொண்டேன். போன வருடம் நிர்வாகம் அவனைத் தலைவனாக்கி, என்னை அவனுக்குக் கீழே போட்டது. "பேருக்குத்தான் மாமா நான், எல்லாம் நீங்கதான்" என்றான். பெருந்தன்மையாகத்தான் பேசினான். எனக்கு வயிறு எரிந்தது.

அவனை ஒரு மதியம் திணற விட வேண்டும், பிறகு நான் போய்ச் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. எங்கள் தொழிலில் புதியவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கெஸ்டில் கை வைக்கும் முன், ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பார்கள். வேலை முடிந்ததும் அதை அழிக்க மறந்துவிடுவார்கள். அதன்பின் அந்தக் கெஸ்டில் பதிவாகும் ஒவ்வொன்றையும் விழுங்கி, அது சத்தமில்லாமல் ஊதிப் பெருத்து டிஸ்கை நிரப்பிவிடும். நிரம்பினால் அந்த டிஸ்கில் உள்ள அத்தனை கெஸ்டும் அப்படியே உறைந்துபோகும். நாள் முழுக்கப் பதிவு செய்யும் கேமரா கணினியில் ஒன்று எடுத்து வைத்தேன், மச்சினனின் பாஸ்வேர்டில். சொந்தக்காரர்களுக்குள் என்ன ஒளிவுமறைவு.

அலாரம் கணினி முதலில் அந்த டிஸ்கில் இல்லை, மற்றதில் இருந்தது. அதை நான்தான் அங்கே கொண்டுபோய் வைத்தேன். கேன்டீன் பில் நின்றால் யார் பதறப்போகிறார்கள்? என்னைத் தேட ஒரு காரணம் வேண்டாமா.

இறந்துபோன பஸ் டிரைவரை எனக்குத் தெரியும். முன்பு ஒரு முறை வார்டுக்குப் போனபோது, தலைமாட்டில் இருந்த இதய மானிட்டரைக் காட்டி, "இந்தப் பொட்டி கத்துனா ஆள் ஓடி வருவாங்களா தம்பி?" என்று கேட்டார். "வருவாங்கண்ணே, நிம்மதியா படுங்க" என்றேன். நல்ல மனிதர். எனக்கு உண்மையாகவே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டிஸ்க் நிரம்பும் என்று கணக்குப் போட்டிருந்த அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மச்சினன் ஃபோன் செய்தான்.

"மாமா, எல்லாம் நின்னுபோச்சு. வார்டு அலாரமும் வேலை செய்யல. என்ன பண்ணட்டும்?"

ஹோஸ்டில் டிஸ்கைப் பார் என்று சொல்லியிருந்தால் போதும். கொஞ்சம் இடம் காலி செய்ததும் எல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் அவன் குரல் நடுங்கியது கேட்க இதமாக இருந்தது.

"பதறாத. ஹோஸ்டத் தொடாத. கேன்டீன் கெஸ்ட்ல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா பாரு."

"நர்ஸுங்ககிட்ட சொல்லிடட்டுமா மாமா?"

"எதுக்கு மானத்த வாங்கிக்கற? நான் இதோ வந்துடறேன்."

பிறகு இன்னொரு கை சோறு போட்டுச் சாப்பிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, நிதானமாகக் கிளம்பினேன்.

நான் சொன்னதை அவன் தட்டியதே இல்லை. போய்ச் சேர்ந்தபோதும் கேன்டீன் கணினியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வார்டில் டிரைவரின் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுப்பினேன். ஒரு சிரமமும் இல்லை. ஒருவரும் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா.