அஞ்சாவது மாடி சர்க்கார்

…அதனாலதான் சொல்றேன் வினய், எந்த கவர்மெண்டா இருந்தாலும் கெட்டுப்போறது ஒரே காரணத்தாலதான். உக்காருங்க. குடிவந்து பத்து நாள்கூட ஆகல, அதுக்குள்ள உங்க பாத்ரூம்ல சாக்கடைத் தண்ணி எதுக்களிச்சு வருது. புரியுது. அதுக்குத்தான் வர்றேன். கிரிஜா, தம்பிக்கு டீ போடு.

எனக்கு முன்னாடி இங்க அசோசியேஷன் பிரசிடெண்ட் யார் தெரியுமா? ரகுநாதன். கிரவுண்ட் ஃப்ளோர்ல உங்க எதிர்வீடு. அவர் காலத்துல லிஃப்ட் ரிப்பேர். மாசக்கணக்கா. கேட்டா, "நடந்தா உடம்புக்கு நல்லது பக்தவத்சலம்"னுவாரு. அவருக்கென்ன, வாசப்படி தாண்டினா வீடு. மீட்டிங் போடுவாரு, சமோசா வரும், ஒரு சப்-கமிட்டி போடுவாரு, அவ்ளோதான். ஹைதராபாத்ல இந்த ஏ.எஸ்.ராவ் நகர் பூரா எங்களப் பாத்து சிரிச்சுது.

அப்பதான் நாலாவது மாடி ரஞ்சனாவுக்குப் பிரசவ வலி எடுத்துது. புருஷன் ஊர்ல இல்ல. அந்தப் பொண்ணால ரெண்டு படிகூட எறங்க முடியல, சுவத்தப் பிடிச்சுட்டு அழறா. வாட்ச்மேன் சலீம் பிளாஸ்டிக் நாற்காலியத் தூக்கிட்டு ஓடி வந்தான். "கமிட்டியெல்லாம் நக்கோ சாப், வேணாம், நீங்க ஒரு பக்கம் பிடிங்க"ன்னான். பிடிச்சேன். ஒவ்வொரு திருப்பத்துலயும் அவ என் சட்டையக் கசக்கிப் பிடிச்சுக்கறா… கீழ போட்டுட்டா என்ன ஆகும்? நல்லவேளை, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் குழந்தை. ரெண்டு பேரும் சௌக்கியம். இப்ப அது எங்க வீட்டு சோபாவக் கடிக்குது.

மறுநாளே எல்லாரும் கூடி ரகுநாதன எறக்கிட்டு என்னை ஏத்தினாங்க. ஒரே வாரம், லிஃப்ட் ஓடிச்சு. நீங்களே இப்ப அதுலதான வந்தீங்க? ஏன் ஓடிச்சு? ஏன்னா நான் அஞ்சாவது மாடி. எனக்கு முட்டி வலி. அதிகாரம் இருக்கறவனுக்கும் வலிக்கணும் தம்பி. வலிக்காதவன் கையில கொடுத்தா, அவன் கமிட்டிதான் போடுவான். நான் கண்டுபிடிச்சது இது.

இப்ப உங்க சாக்கடை. மழைக்கு முன்னாலயே ரகுநாதன் தன் வீட்லயும் இதேதான்னு எழுதிக் கொடுத்தாரு. ஆமா, பாத்தேன். பைப்பை மாத்தறதுன்னா தரையெல்லாம் ஒடைக்கணும், அவசரப்படக் கூடாது. ஒரு சப்-கமிட்டி போட்டிருக்கேன். அதுவரைக்கும் ரெண்டு ஊதுபத்தி ஏத்தி வைங்க. நாத்தம்னு சொல்றீங்க… எனக்கு இங்க ஒண்ணும் வரலியே? நல்ல காத்துதான் வருது.

ஏன் எழுந்துட்டீங்க? டீ வந்துரும். வினய்… தம்பி…

கிரிஜா, லிஃப்ட்ல எறங்கிட்டாரு பாரு. இந்தக் காலத்துப் பசங்களுக்குக் காது கொடுத்துக் கேக்கற பொறுமையே இல்ல. இங்க பால்கனிக்கு வா. கீழ என்ன, கேட் பக்கத்துல இவ்ளோ கூட்டம்? நடுவுல நிக்கறது ரகுநாதன்தான? வினயும் நேரா அங்கதான் போறாரு… யாரோ சமோசா வேற எடுத்துட்டு வர்றாங்களே, எந்த மீட்டிங்குக்கு? என்கிட்ட யாரும் சொல்லலியே.