தொடை எலும்பில் விட்டுவைத்த கம்பி நுனி

என் பெயர் வேலுமணி, வயது 44, தகப்பனார் பெயர் சின்னச்சாமி. கொடைக்கானல் தாலுகா கிளாவரையில் மனைவி மகாதேவியுடன் குடியிருந்து வெள்ளைப்பூண்டு விவசாயம் செய்து வருகிறேன். தற்போது திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருக்கிறேன். இங்கு விசாரிக்க வந்த போலீஸ் ஐயாவிடம் இதைச் சொல்கிறேன்.

கடந்த சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மறுநாள் பூண்டு மூட்டையைத் தூக்கி வரும்போது பூண்டுக் காட்டின் கல்கட்டு வரப்பில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பு முறிந்தது. அதன்பின் மகாதேவி என்னை ஜீப்பில் ஏற்றி, மலைக்குக் கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஜீப் எல்லைக் கல்லைத் தாண்டும்போது வலியைவிடப் பயம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. ஆபரேஷன் அறையில் நர்ஸ் காப்புக் கயிற்றைக் கத்தரித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

அதன்பின் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்ததால் எதுவும் தெரியவில்லை, காது மட்டும் கேட்டது. எலும்பில் துளை போடும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கையில் படக்கென்று சத்தம் வந்து மிஷின் நின்றது. அதன்பின் டாக்டர், "கம்பி நுனி ஒடைஞ்சு உள்ள நின்னுருச்சு. விடு, மூடிரலாம்" என்றார். நர்ஸ் என் முகத்தை எட்டிப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லை தாண்டியதால் மாரியாத்தாள் கோபத்தில்தான் உடைந்தது, வாயைத் திறந்தால் காலே போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. வெளியே நின்ற மகாதேவியிடம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு தொடை வீங்கிச் சீழ் வைத்தது. அதன்பின் இங்கு வந்து எக்ஸ்ரே எடுத்ததில் எலும்புக்குள் கம்பித் துண்டு இருப்பது தெரிந்தது. அப்போதுதான் நடந்ததை மகாதேவியிடம் சொன்னேன். அவள், "ஆத்தா கோவத்துலயே ஒடைஞ்சதா இருக்கட்டுங்க. எங்கிட்டச் சொல்லாம மூடச் சொன்னதும் ஆத்தாவா?" என்று கேட்டாள். அதன்பேரில்தான் இந்தப் புகாரைக் கொடுக்கிறேன்.

நாளை அந்தத் துண்டை எடுக்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்துத் தூங்கவைத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். வெளியே எங்காவது டிரில்லிங் மிஷின் ஓடினாலே எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. இருந்தாலும் போன தடவை மாதிரியே இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்து, என் காது கேட்கும்படி ஆபரேஷன் செய்யச் சொல்லுமாறு ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். தூங்கிவிட்டால் என்ன நடந்தது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கேட்டேன், அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சி. வேலுமணி