லாரமோர் காரின் அசல் கதவு

மழை பெய்தால் லாரமோர் ஒழுகும். ஒழுகத்தான் வேண்டும். கூரையை இழுத்து மூடிய பிறகும் ஓட்டுபவரின் இடது முழங்காலில் சொட்டுச் சொட்டாக விழவில்லை என்றால் அது லாரமோரே இல்லை. இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, ஆபீசர் அம்மா. பரவாயில்லை, சிரியுங்கள். ஷெரிப் ஆபீசுக்கு வாக்குமூலம் கொடுக்க வந்தவன் ஒழுகலில் ஆரம்பிக்கிறானே என்று தோன்றும். எனக்கு எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் வெர்லின் ஸ்டௌட். லாரமோர் உரிமையாளர் சங்கத்தின் தலைமை நடுவர். எங்கள் சங்கத்தை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். வருஷத்துக்கு ஒரு முறை, சோளத் திருவிழா சமயத்தில், கார்களை வரிசையாக நிறுத்துவோம். எது அழகு, எது வேகம் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாத பேச்சு. ஐம்பத்தைந்தாம் வருஷம் இந்தப் பைக் கிரீக் ஊர்த் தொழிற்சாலை வாசலை விட்டு வந்த அன்று கார் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா, அது ஒன்றுதான் கேள்வி. இருந்தால் முழுப் புள்ளி, இல்லாவிட்டால் வெட்டு. அன்றைக்குப் பெயிண்ட் அடித்தவன் அரைகுறையாக அடித்திருந்தால் இன்றைக்கும் அது அரைகுறையாகத்தான் இருக்கவேண்டும். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன் என்றால் பெரிய பெரிய டாக்டர்களும் வக்கீல்களும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். என் சொந்த மைத்துனன் வருஷக்கணக்கில் பாடுபட்டுச் சரிசெய்த காரில் ஒரு ஸ்க்ரூ புதுசு என்று கண்டுபிடித்து வெட்டினேன். அவன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அந்த ஸ்க்ரூவையும் இன்றுவரை மாற்றவில்லை.

என் காரைப் பற்றி நானே சொல்லக்கூடாது. அதற்கு நிகராக உலகத்தில் இன்னொன்று கிடையாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குத் தனி ஷெட், தனி ஏசி. ஒரு கோடையில் வீட்டு ஏசி படுத்துவிட்டது. என் மனைவி டொரீன், ஷெட்டுக்குள் வந்து கொஞ்ச நேரம் உட்காரட்டுமா என்று கேட்டாள். மனுஷ மூச்சில் ஈரம் இருக்கிறது, தோல் இருக்கைக்கு ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். புரிந்துகொண்டாள். கண்காட்சிக்குப் போகும்போது காரை மூடிய டிரெய்லரில் ஏற்றி, பிக்கப் வண்டியில் இழுத்துக்கொண்டு போவோம். டொரீன் பிக்கப்பில் என் பக்கத்தில் வருவாள். அவளை நான் லாரமோரில் ஏற்றியதே இல்லை என்று ஊரில் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பொய். ஒரு முறை போட்டோவுக்காக ஏற்றியிருக்கிறேன். துண்டு விரித்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஏற்றினேன்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது டென்னி ஹோலோவே வந்தான். விடுமுறைக்கு வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறார்களே, அந்த வண்டிகளுக்குக் கூரை செய்து காசு பார்த்தவன். லாரமோர் என்ற பெயரையும், ஸ்கேட்டிங் கூடமாகிப் போயிருந்த பழைய தொழிற்சாலையையும் சேர்த்து வாங்கினான். லாரமோர் மறுபடியும் வருகிறது என்று எழுதிக் கோர்ட் கட்டடத்தின் மேல் துணி கட்டினார்கள். வேலை இல்லாமல் கிடந்த பையன்களுக்கு வேலை கிடைத்தது. சாப்பாட்டுக் கடையில் பன்றிக்கறி சாண்ட்விச்சுக்குக்கூட லாரமோர் என்று பெயர் வைத்தார்கள். நானும் இரண்டு வாங்கித் தின்றேன், மறைக்கமாட்டேன்.

டென்னி நேரே என் வீட்டுக்கு வந்தான்.

“பெருசு, லாரமோர் பத்திச் சொல்ல உங்கள விட்டா இந்த நாட்டுலயே ஆள் கிடையாது. நீங்க சொல்றதுதான் எனக்கு வேதம். வந்து கூட நில்லுங்க.”

போய் நின்றேன். முதல் கார் தயாரானதும் தோட்டக்குழாயைப் பிடித்துக் கூரைமேல் தண்ணீர் அடித்தேன். உள்ளே ஓட்டுபவரின் முழங்கால் இருக்கும் இடம் காய்ந்திருந்தது.

“ஒழுகலியே, டென்னி.”

“ஒழுகாதுதான். காலம் பூரா கூரை போட்டவன்யா நான். அதுகூட பண்ணத் தெரியலன்னா என்ன மனுஷன்?”

பெருமையாகச் சிரித்தான். காரில் சீட் பெல்ட் வேறு பொருத்தியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேல், கதவு. அசல் லாரமோரில் வேகமாக இடது பக்கம் திரும்பினால் ஓட்டுபவருக்கு வலது பக்கத்து இருக்கையின் கதவு தானாகத் திறந்துகொள்ளும். கம்பெனிக்கே தெரிந்த விஷயம். அதற்காகத்தான் அங்கே உட்காருபவர் பிடித்துக்கொள்ள ஒரு தோல் வார் தொங்கவிட்டிருந்தார்கள். இத்தாலியத் தோல், கையால் தைத்தது. அந்தக் காலத்துச் சொகுசு இன்றைக்கு யாருக்குத் தெரியும். டென்னி கதவுக்குப் புதுக் கொண்டி போட்டிருந்தான்.

“கொண்டி தப்பு,” என்றேன்.

“யோவ் வெர்லின், அந்தக் கதவு ஆளத் தூக்கி ரோட்டுல போட்டுடும்யா. அதனாலதான கம்பெனியே படுத்துச்சு.”

“போடும்தான். அதுதான் அசல்.”

“நல்ல ஆளுய்யா நீங்க,” என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். வேதம் என்று சொன்னவன்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோதுதான் டொரீன் முதல் தடவை அந்தக் காரைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள். வண்டி என்றால் கண்ணில் ஒரு ஒளி வரும். டென்னி, ஒரு ரவுண்டு போகலாமா என்று கேட்டானாம். நான் வண்டிக்கு அடியில் இருந்தேன், வேறு வண்டி, அதனால் சரியாகக் காதில் விழவில்லை. வெகுநேரம் கழித்து வந்தாள். தலைமுடி காக்காக் கூடு. மோவாயில் கடுகுச் சட்னி. சாண்ட்விச்சைக் காருக்குள்ளேயே உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள்.

“வெர்லின், சோளக்காட்டு ரோட்டுல பறந்தோம். வாயத் தொறந்து கத்துனேன், எனக்கே கேக்கல!”

“துண்டு விரிச்சியா?”

“விரிக்கல,” என்றாள். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுவென்று பாடினாள். பாடுவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. வாராவாரம் வியாழக்கிழமை தொழிற்சாலைக்கு உதவி செய்யப் போக ஆரம்பித்தாள். சிவப்பில் ஒரு தலைத்துணி வாங்கினாள். நீங்கள் இதைக் கேட்டுவிட்டுப் பொறாமை என்று எழுதப் பார்ப்பீர்கள், அம்மா. பொறாமை என்றால் நானே முதலில் சொல்லிவிடுவேனே. எனக்குக் கவலையெல்லாம் சங்கப் பதிவேட்டைப் பற்றித்தான். டென்னியின் கார் அதில் ஏறிவிட்டால் அதுவும் லாரமோர், என்னுடையதும் லாரமோர் என்றாகிவிடும். ஏறாவிட்டால் பழைய கார் சேகரிப்பவன் ஒருத்தன்கூட வாங்கமாட்டான், கம்பெனி மறுபடி படுத்துவிடும். திருவிழாவில் முதல் காரைத் தலைமை நடுவர் பார்த்து மதிப்பிடட்டும், தேறினால் சேர்த்துக்கொள்வோம் என்று சங்கம் தீர்மானம் போட்டது.

நான் நினைத்திருந்தால் அந்தக் காரைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தள்ளியிருக்கலாம். டென்னி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போயிருப்பான். அப்படிப்பட்ட சின்னப் புத்தி எனக்கு இல்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம், இந்தக் கார் இப்படியே வந்தால் தேறாது என்று முன்கூட்டியே அவனிடம் சொன்னேன்.

“ஐயோ, என்னென்ன சரியில்லையோ நீங்களே சரி பண்ணிடுங்க பெருசு. சாவி இந்தாங்க. நாளைக்கு ஊர்வலத்துல அது லாரமோரா போகணும், எனக்கு அவ்வளவுதான் வேணும்.”

இது அவன் வாயால் சொன்னது. கணக்குப் பார்க்கும் அம்மாவும் பெயிண்டரும் பக்கத்தில் இருந்தார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு நான் செய்ததெல்லாம் வேலைதான். கூரை ரப்பரை எடுத்தேன். ஐம்பத்தைந்தில் சீட் பெல்ட் கிடையாது, அவிழ்த்தேன். புதுக் கொண்டியைக் கழற்றிவிட்டு அசல் கொண்டியை மாட்டினேன். அசல் எங்கே கிடைக்கும்? என் சொந்தக் காரிலிருந்து கழற்றினேன். நிகரில்லாத காரை என் கையாலேயே நிகருள்ளதாக ஆக்கினேன். இந்தத் தியாகத்தைப் பற்றி ஊரில் ஒருத்தரும் பேசுவதில்லை. டென்னி போட்டிருந்த கைப்பிடியை எடுத்துவிட்டு என் காரின் இத்தாலியத் தோல் வாரையும் தொங்கவிட்டேன். எழுபது வருஷத்துத் தோல் ஒரு ஆள் எடையைத் தாங்குமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். தாங்காது. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஊர்வலப் பாதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாகக் கோர்ட்டை வலது பக்கமாகத்தான் சுற்றும். கடைசியில் ஊர்வலத்துக்கு முன்னால் போகும் கார் மட்டும் வேகமாக ஒரு சுற்று அடிக்கும். கார்ப் பந்தயத்துக்குப் பேர்போன இந்தியானாவில் பிறந்தவனுக்கு வேகமாகச் சுற்றுவதற்குச் சொல்லித் தரவா வேண்டும். இந்த வருஷம் இடது பக்கமாகச் சுற்றியது என்னால்தான். பழைய காலத்தில் அப்படித்தான் சுற்றினார்கள் என்று விழாக் குழுவில் நான் தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லாரும் அரைத்தூக்கத்தில் கையைத் தூக்கினார்கள். அது வசந்தகாலத்துக் கூட்டம், டென்னி சாவி கொடுத்தது கோடை முடியும்போது, அப்படியானால் முன்பே யோசித்திருக்கிறாயே என்று கேட்கிறீர்கள். நான் எதையும் கடைசி நேரத்துக்கு விட்டுவைக்கிறவன் இல்லை.

டென்னி பக்கத்தில், திருவிழாவுக்குத் தேர்ந்தெடுத்த சோள ராணிதான் உட்காருவதாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெண், படித்து முன்னுக்கு வரவேண்டிய பிள்ளை. அவள் அம்மாவுக்கு நான் போன் பண்ணினேன். இருக்கைச் சாயம் இன்னும் காயவில்லை, வெள்ளை கவுன் பாழாகிவிடும் என்று சொல்லி, பின்னால் வரும் டிராக்டரில் ஏற்றிவிட்டேன். சின்னப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? அவ்வளவு மனசாட்சி இல்லாதவன் இல்லை நான். இடம் காலியானால் டென்னி யாரைக் கூப்பிடுவான் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

டொரீன் சிவப்புத் தலைத்துணி கட்டிக்கொண்டு ஏறினாள். பெல்ட் எங்கே என்று கேட்டாளாம். பெருசு கழற்றிவிட்டார், லாரமோருக்குக் கிடையாதாம் என்று டென்னி சொன்னானாம். “அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று சிரித்தாளாம். இதை டென்னியின் வாக்குமூலத்திலிருந்து நீங்கள் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

வேகச் சுற்றில், வங்கி மூலையில் கார் இடது பக்கம் திரும்பியது. கதவு திறந்தது. டொரீன் காரை விட்டுக் கிளம்பி, மெதடிஸ்ட் சபைப் பெண்கள் போட்டிருந்த கேக் மேசைமேல் போய் இறங்கினாள். கேக் எல்லாம் நல்ல க்ரீம் கேக், அது ஒரு புண்ணியம். தோள் எலும்பும் கணுக்காலும் முறிந்ததோடு போயிற்று. டென்னி பிரேக் போடக்கூடத் தோன்றாமல் குதித்து ஓடிவந்து க்ரீமுக்குள் மண்டியிட்டு அவளைத் தூக்கினான். அழுதான், அம்மா, ஊர் பார்க்க ஓவென்று அழுதான். அவளோ வலியில் முகம் கோணிக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்லடா! கார் போகுது பாரு, கார் தனியா போகுது, போய்ப் புடிடா!” என்று கத்தினாள். அது கோர்ட் புல்வெளியில் ஏறி, கொடிக்கம்பத்தில் லேசாக முட்டி நின்றது.

அந்தக் காருக்கு முழுப் புள்ளி போட்டேன். இன்று அது பதிவேட்டில் இருக்கிறது. நான் பழிவாங்கினேன் என்கிறவர்கள் அதைப் போய்ப் பார்க்கட்டும். யாரோ போனில் படம் பிடித்துப் போட்டதில் நாடெங்கும் பரவி, டென்னிக்கு ஆர்டர் குவிகிறதாம். கதவு திறக்கிற மாதிரியே வேண்டும் என்றுகூடச் சில பைத்தியங்கள் கேட்கிறார்களாம். அவன் மறுத்துவிட்டு, சாயங்காலமானால் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறான்.

டொரீன் சொன்னதையும் நீங்கள் இப்போது படித்துக் காட்டினீர்கள். “அந்த மூலையிலதான் நாற்காலி போட்டு உக்காந்திருந்தான். அவன் தோள ஒரசிக்கிட்டுதான் போனேன். கையக்கூட நீட்டல. இனிமே அந்த வீட்டுக்கு நான் போக மாட்டேன்.”

ஊரெல்லாம் நிழலிருக்க, வெயிலில் அந்த வங்கி மூலையில் ஏன் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாய் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். அவளைப் பிடிப்பதற்காகத்தான். கதவு எந்த இடத்தில் திறக்கும், எந்தச் சாய்வில் வந்து விழுவாள் என்றெல்லாம் பார்த்துத்தான் நாற்காலியைப் போட்டேன். நேரே என் கைக்கு வருவாள், ஊரே பார்க்கும், அந்தக் காரில் இனி ஏறவே மாட்டாள், வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன். எல்லாம் நினைத்தபடியே நடந்தது. கார் திரும்பியது, வார் அறுந்தது, கதவு எழுபது வருஷத்துக்கு முன் எப்படித் திறந்திருக்குமோ அப்படியே திறந்தது. டொரீனும் என்னை நோக்கித்தான் வந்தாள். என் ஒரு கையில் மதிப்பெண் அட்டை இருந்தது, இன்னொரு கையில் பேனா. கதவுக்கு நான் இன்னும் புள்ளி போட்டிருக்கவில்லை.